கல்லும் குரலும்: மரபுரிமை விவரணப்படங்கள் பற்றி நாலந்தாவிலிருந்து ஒரு நோக்கு

மரபுரிமை பற்றிய விவரணப்படங்கள் இன்று உலகின் எல்லாப் பாகங்களிலும் பெருந்தொகையாகத் தயாரிக்கப்படுகின்றன. பாழடைந்த கோயில், வழக்கிழந்து செல்லும் ஆட்டம், பேசுவோர் அருகிவரும் மொழி, தாயகத்தை இழந்த மக்கள் கூட்டம் என்பன அவற்றின் பொருளாக அமைகின்றன. இத்தகைய படங்களைப் பார்ப்போர் அவற்றைச் சான்றாகவே கொள்கின்றனர். கதைப்படத்தைப் புனைவென ஒதுக்கிவைக்கத் தெரிந்த அதே மனம், விவரணப்படத்தை உண்மையென ஏற்றுக்கொள்கின்றது. ஆதலால், ஒரு விவரணப்படம் எதனைக் காட்டுகின்றது என்ற வினாவோடு, எதனைக் காட்டாது விடுகின்றது, யாரைப் பேசவைக்கின்றது, யாரை மௌனமாக நடக்கவிடுகின்றது என்ற வினாக்களும் ஆய்வுக்குரியனவாகின்றன. இவ்வினாக்களை மாத்தளை மாவட்டத்திலுள்ள நாலந்தாவை மையமாக வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். ‘டொக்கியுமென்ரறி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திரைப்படத்தின் ஒரு வகைக்கு வழங்கும் வழக்கினை நிலைபெறச் செய்தவர் ஸ்கொத்லாந்தியரான ஜோன் கிறியர்சன். 1926ஆம் ஆண்டில், றொபேட் பிளகேட்டியின் ‘மோவானா’ என்ற படத்தை மதிப்பிடும்போது அவர் இச்சொல்லைக் கையாண்டார். தமிழில் இதற்கு இரு சொற்கள் வழங்குகின்றன. இலங்கையில் நெடுங்காலம் வழங்கியது ‘விவரணப்படம்’. இன்று பெருவழக்காகியிருப்பது ‘ஆவணப்படம்’. இவ்விரு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பினும், இரு வேறு நோக்குகளை உட்கொண்டுள்ளன. விவரணம் என்பது அறிந்த ஒருவர் அறியாத பிறருக்கு விளக்குவது. ஆவணம் என்பதோ உரிமைக்குச் சான்றாகும் எழுத்து. சோழர் காலத்தில் அத்தகைய எழுத்துகள் பதியப்பட்ட இடம் ஆவணக்களரி எனப்பட்டது. ஆயினும் ஆவணம் எப்பொழுதும் பலவீனருக்குத் துணைநிற்பதன்று. சுந்தரரின் வரலாற்றில் வரும் ஓலை ஒருவரை அடிமையென நிறுவுவதற்கே அவைமுன் காட்டப்படுகின்றது. ஆவணம் யாருடைய கையில் இருக்கின்றது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கின்றது. திரைப்பட ஆவணத்துக்கும் இது பொருந்தும்.

இடம்பெயர்ந்த கட்டடம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதிக்குச் சற்றுக் கிழக்கே நாலந்தா கெடிகே அமைந்துள்ளது. முற்றிலும் கல்லாலான இக்கட்டடம் ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் கருதுவர். கருவறை, அதன்முன் அர்த்தமண்டபம், தூண்களுடைய மண்டபம் என்ற அமைப்பிலும், கூரையிலுள்ள குதிரைலாட வடிவான கூடுகளிலும், அக்கூடுகளினுள்ளிருந்து நோக்கும் முகங்களிலும் பல்லவர் காலத் தென்னிந்தியக் கட்டடக்கலையின் செல்வாக்குத் தெளிவாகப் புலப்படுகின்றது. எனினும் இது பௌத்த சிலைமனையாகப் பயன்பட்டதென்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அடித்தளத்திலுள்ள காமச் சிற்பமொன்று தாந்திரிக மரபின் தொடர்பைக் காட்டுவதாகக் கூறுவோரும் உளர். திராவிடக் கட்டட வடிவம், பௌத்த வழிபாடு, தாந்திரிகச் சாயல் ஆகிய மூன்றும் ஒரே கல்லிற் கலந்து நிற்பதே இதன் தனிச்சிறப்பு எனலாம்.

இக்கட்டடம் இன்று நிற்கும் இடம் இதன் ஆதி இடமன்று. மகாவலித் திட்டத்தின் கீழ் பொல்கொல்லவிலிருந்து திருப்பப்பட்ட நீரை உலர் வலயத்துக்குக் கொண்டுசெல்வதற்காகப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபொழுது, கெடிகே நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1975ஆம் ஆண்டு தொடங்கிய பணியில் கட்டடம் கல்லுக் கல்லாகக் கழற்றப்பட்டு, நீர்மட்டத்துக்கு மேலே அமைக்கப்பட்ட அணையொன்றின் மீது 1980 அளவில் மீள நிறுவப்பட்டது. ஒவ்வொரு கல்லும் தனக்குரிய இடத்தை மீண்டும் பெறவேண்டுமாயின், கழற்றுமுன் அதன் இடம் பதிவு செய்யப்படவேண்டும். பொறியியலாளரும் தொல்லியலாளரும் காட்டிய இந்தப் பொறுமை பாராட்டத்தக்கதே.

எந்தவொரு விவரணப்படக் கலைஞரையும் கவரக்கூடிய பொருள் இது. நீர் உயர்கின்றது, கல் எழுகின்றது, பழைமை காப்பாற்றப்படுகின்றது. தொடக்கமும் இடர்ப்பாடும் முடிவும் தாமாகவே அமைந்துள்ள கதை. ஆயின் இக்கதை இவ்வளவில் முடிந்துவிடுமாயின், நாலந்தாவின் வரலாற்றில் ஒரு பாதியே கூறப்பட்டதாகும்.

கல்லில்லாத மரபுரிமை

மறுபாதி, கெடிகேக்கு அணித்தாகச் செல்லும் பாதையைச் சார்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாக மாற்றப்பட்டபொழுது, அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், வடபாதை எனப்பட்ட வழியாகக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா ஊடாக மாத்தளையை நோக்கிக் கால்நடையாகவே வந்தனர். கங்காணிகளின் கீழ்க் குழுக்குழுவாக நடந்த அவர்களுட் பலரைக் காலராவும் அம்மையும் பட்டினியும் வழியிலேயே பலிகொண்டன. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட காலத்தில், கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்திருந்தது. பாதை மாறியது; பயணிகளின் நிலை பெரிதும் மாறவில்லை.

இம்மக்களின் பின்னைய வரலாறு நமது வாசகர் அறிந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்கும் என எண்ணிக்கையாற் பங்கிட்டது. பாட்டன் மன்னார்க் கரையில் இறங்கி நடந்துவந்தான். பேரன் தலைமன்னாரிற் கப்பலேற்றப்பட்டான். கெடிகேயின் கற்கள் இலக்கமிடப்பட்டது அவை மீண்டும் தத்தம் இடத்தைப் பெறுவதற்காக. இம்மக்களுக்கு இடப்பட்ட இலக்கங்களோ அவர்களைத் தத்தம் இடத்திலிருந்து அகற்றுவதற்கே பயன்பட்டன. நாடற்றோர் என்ற நிலையை நீக்குவதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இவ்வழி வந்த மக்களின் வழிபாட்டு மரபிற் கிளைத்தது. 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலின்போது அக்கோயிலும் தாக்குதலுக்கு உள்ளானமை, மரபுரிமைக்கும் அநீதிக்குமிடையிலான தொடர்பை நினைவூட்டுகின்றது. கோயிலுக்குக் கட்டடம் உண்டு. அதனை மீளக் கட்டலாம். நடந்துவந்த பாதைக்கோ கழற்றி எடுத்து வேறிடத்தில் நிறுவக்கூடிய கற்கள் இல்லை. அது நினைவிலும் பாட்டிலும் பேச்சிலும் வாழ்வது. அசையும் படத்தையும் ஒலியையும் ஒருங்கே பதியவல்ல விவரணப்படத்தின் தேவை இவ்விடத்திலேதான் மிகுதியாக உணரப்படுகின்றது.

1934இலும் 1973இலும்

இலங்கையைப் பொருளாகக் கொண்ட விவரணப்படங்களுட் புகழ்பெற்றது பசில் றைற் நெறிப்படுத்திய ‘சோங் ஒவ் சிலோன்’ என்பது. 1934ஆம் ஆண்டில், கிறியர்சனின் தயாரிப்பில், இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக இப்படம் உருவாக்கப்பட்டது. நான்கு பகுதிகளாக அமைந்த இது பௌத்த யாத்திரையையும், கிராமத் தொழில்களையும், பொலன்னறுவைச் சிலைகளையும், கண்டிய நடனத்தையும் மிகுந்த அழகுணர்ச்சியோடு காட்டுகின்றது. ‘வணிகத்தின் குரல்கள்’ என்ற மூன்றாம் பகுதியில், உழைக்கும் மக்களின் உருவங்கள் மீது சந்தை விலைகளையும் கப்பற் செய்திகளையும் கூறும் குரல்கள் ஒலிக்கின்றன. படத்தையும் ஒலியையும் இவ்வாறு முரணாக இணைத்தமை, வணிக உலகம் பற்றிய மறைமுக விமரிசனமாகவும் அமைந்தது. விளம்பரத்துக்காகப் பணம் கொடுத்தோர் எதிர்பார்த்ததனினும் ஆழமான படம் அது என்பதில் ஐயமில்லை.

எனினும், தேயிலைச் சபையின் பணத்தில் உருவான அப்படத்திலே தேயிலை கொய்யும் பெண்கள் சில கணங்களே தோன்றி மறைகின்றனர். அவர்களுடைய மொழி எது, எங்கிருந்து வந்தனர், எந்த லயத்தில் உறங்குகின்றனர் என்பன அப்படத்தின் வினாக்களல்ல. படத்தின் உரையாக ஒலிப்பது 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூற்பகுதி. அதனை வாசித்தவர் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற். ஆங்கிலேயக் கைதியொருவன் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல் 20ஆம் நூற்றாண்டு இலங்கையரின் குரலாகின்றது. அக்காலத்தில் வெளிக்களத்தில் படத்தையும் பேச்சையும் ஒருங்கே பதிவதற்குரிய இலகுவான கருவிகள் இருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் தொழில்நுட்பம் அனுமதியாத மௌனத்தையும், நோக்கு அனுமதியாத மௌனத்தையும் பிரித்தறிதல் வேண்டும். இத்தீவின் ‘பாடல்’ என ஒன்று இயற்றப்பட்டபொழுது, அதன் செல்வத்தை விளைவித்த மக்கள் பாடுவோராகக் கருதப்படவில்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், 1973ஆம் ஆண்டில், பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி ‘வேர்ல்ட் இன் அக்ஷன்’ நிகழ்ச்சித் தொடரில் ஒரு கோப்பைத் தேநீரின் விலை பற்றிய விவரணப்படமொன்றை ஒளிபரப்பியது. பிரித்தானியக் கம்பனிகளுக்குரிய இலங்கைத் தோட்டங்களிலே தொழிலாளர் வாழ்ந்த நிலையை அது வெளிப்படுத்தியது. உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகப் பாதித்த காலம் அது. நாள்தோறும் தேநீர் அருந்திய மக்கள், அதன் பின்னாலுள்ள வறுமையைத் தம் வீட்டுக் கூடத்திலேயே காணநேர்ந்தது. அங்கு பெரும் விவாதம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து 1974இல் ‘வோர் ஒன் வோன்ற்’ என்ற அமைப்பும் தோட்டத் தொழிலாளர் நிலை பற்றிய ஆய்வினை வெளியிட்டது. கலையழகில் 1934ஆம் ஆண்டுப் படத்தோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால் அது கேளாத வினாவை இது கேட்டது. அழகும் நீதியும் ஒரே படத்திற் சேரமுடியாதா என்பதே இவ்விரு படங்களையும் ஒருங்கே நோக்கும்பொழுது எழும் பிரச்சினை.

பிற பண்பாடுகளின் அனுபவம்

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. விவரணப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே அது உள்ளது. பிளகேட்டியின் ‘நனூக்’ (1922) வட கனடாவின் இனுயிற் மக்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அம்மக்கள் அப்பொழுதே துப்பாக்கியாற் பழகியவர்கள். படத்திலோ ஈட்டிகொண்டு வேட்டையாடுமாறு செய்யப்பட்டனர். கதாநாயகனின் உண்மைப் பெயர்கூட நனூக் அன்று. மக்களின் மரபினைப் போற்றுவதாகக் கருதிக்கொண்டு, அவர்களுடைய நிகழ்காலத்தைப் பறித்துவிடும் இப்போக்கு இன்றும் பல மரபுரிமைப் படங்களிற் காணப்படுகின்றது.

இதற்கு நேர்மாறான முயற்சி அலன் ரெனே, கிறிஸ் மாக்கர் ஆகியோர் 1953இல் உருவாக்கிய ‘சிலைகளும் இறக்கின்றன’ என்னும் பிரெஞ்சுப் படம். ஐரோப்பிய அரும்பொருட் காட்சியகங்களிலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஆபிரிக்கச் சிலைகளிலிருந்து தொடங்கி, அச்சிலைகளை உயிர்ப்பித்த வாழ்க்கையைக் குடியேற்றவாதம் எவ்வாறு சிதைத்தது என்பதற்கு அது செல்கின்றது. பிரெஞ்சு அதிகாரிகள் அதனை முழு வடிவிற் காட்டுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தடைவிதித்தனர். சிலையின் அழகைக் காட்டும்வரை எவருக்கும் ஆட்சேபமில்லை. சிலை எவ்வாறு அங்கே வந்தது என்று கேட்டவுடன் தடை பிறந்தது.

நாலந்தாவுக்கு மிக அணுக்கமான ஒப்புமை எகிப்தில் உண்டு. அஸ்வான் உயர் அணையின் நீரிலிருந்து அபூ சிம்பல் கோயில்களைக் காப்பதற்கு யுனெஸ்கோ உலக நாடுகளின் உதவியைத் திரட்டியது. 1964க்கும் 1968க்கும் இடையில் அக்கோயில்கள் அறுக்கப்பட்டு, ஏறத்தாழ 65 மீற்றர் உயரத்தில் மீள நிறுவப்பட்டன. அதே நீர் எகிப்திலே ஏறத்தாழ ஐம்பதாயிரம் நூபிய மக்களை நைல் கரையிலிருந்த தம் ஊர்களிலிருந்து அகற்றியது. கோயில் உலகின் மரபுரிமை ஆயிற்று. மக்கள் புனர்வாழ்வுத் திணைக்களத்தின் கோவையாயினர். இந்தியாவிலே ஆனந்த் பட்வர்தனும் சிமந்தினி துருவும் உருவாக்கிய ‘நர்மதா நாட்குறிப்பு’ (1995) இவ்வரிசையை மாற்றியமைத்தது. அணையின் நீரில் மூழ்கவிருந்த ஊர்களின் ஆதிவாசி மக்களே அப்படத்தின் நடுநாயகமாக நிற்கின்றனர். கோயிலைக் காத்தல் தவறென்பதன்று எமது வாதம். காக்கப்பட்டது எது, கைவிடப்பட்டது எது என்ற கணக்கினைப் படம் மறைத்தலாகாது என்பதேயாம்.

மௌனத்தைக் கலைப்பதற்குத் தொழில்நுட்பமும் துணைசெய்தது. 1960ஐ அண்டி, எடுத்துச் செல்லக்கூடிய கமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒருங்கியங்கத் தொடங்கின. இவற்றைப் பயன்படுத்தி மானிடவியலாளர் ஜோன் றூஷும் சமூகவியலாளர் எட்கார் மொறானும் 1961இல் வெளியிட்ட ‘ஒரு கோடையின் வரலாறு’ என்ற படத்தில், படம்பிடிக்கப்பட்டோரே திரையிற் தம்மைப் பார்த்து, அது உண்மையா பொய்யா என வாதிடுகின்றனர். பொருளாக இருந்தவர் நீதிபதியாக மாறும் இக்கணம் விவரணப்பட வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம்.

நமது படங்கள்

ஈழத்துத் தமிழரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட அண்மைக்காலப் படங்களில் இத்திருப்பத்தின் விளைவுகளைக் காண்கிறோம். சோமீதரனின் ‘எரியும் நினைவுகள்’ (2008), 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றியது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அதில் அழிந்தன. அழிந்துபோன நூல்களைக் கமராவினாற் காட்டமுடியாது. அவற்றை வாசித்தவர்களின் நினைவையே பதியமுடியும். கல்லில்லாத மரபுரிமையைத் திரை கையாளும் முறைக்கு இது ஒரு சான்று.

கனடாவின் தேசியத் திரைப்படச் சபைக்காக ஹெலன் குளொடோவ்ஸ்கி நெறிப்படுத்திய ‘நோ மோர் ரியர்ஸ் சிஸ்ரர்’ (2005), 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி கொலையுண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகமவின் வாழ்வை அவருடைய குடும்பத்தினரின் வாய்மொழியாகக் கூறுகின்றது. யூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ (2017), 1983 வன்செயலின் நினைவிலிருந்து தொடங்கி, தமிழ் இயக்கங்கள் தம்முள் இழைத்துக்கொண்ட கொடுமைகளையும் பேசுகின்றது. இவ்விரு படங்களும் தமிழரிடையே கருத்து வேறுபாடுகளை எழுப்பின. அவ்வாறு எழுப்பியமை அவற்றின் குறைபாடன்று. அநீதிக்குள்ளான சமூகம் தன்னுள்ளே நிகழ்ந்த அநீதியைப் பேசும்பொழுதே அதன் சாட்சியம் முழுமை பெறுகின்றது. பிறர் செய்ததற்கு மட்டும் சாட்சி கூறும் படம் ஒருதலை வழக்காகக் குறுகிவிடும்.

மலையக மக்களைப் பொறுத்தவரை, சுமதி சிவமோகனின் ‘இங்கிருந்து’ (2013) கதைப்படமாயினும் குறிப்பிடத்தக்கது. எங்கிருந்து வந்தவர்கள் என்று எப்பொழுதும் கேட்கப்பட்ட மக்கள், ‘இங்கிருந்து’ எனப் பேசத் தொடங்குவதை அத்தலைப்பே உணர்த்துகின்றது.

நாலந்தாவைப் பற்றிய படம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

மேற்கூறியவற்றின் அடிப்படையில், நாலந்தாவை விவரணப்படமாக்க முனைவோர் கருத்திற் கொள்ளவேண்டியன சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, கெடிகேயை எந்தவோர் இனத்தினதும் உரிமைப் பத்திரமாக மாற்றுதலாகாது. தென்னிந்தியக் கட்டட வடிவத்தைக் காட்டி ‘இது தமிழர் கோயில்’ என்று நிறுவ முனைவதும், பௌத்தப் பயன்பாட்டைக் காட்டி அதன் தென்னிந்தியத் தொடர்பைச் சிறுமைப்படுத்துவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். ஆயிரமாண்டுகளுக்கு முற்பட்ட சிற்பிகளும் புரவலரும் இன்றைய தேசியவாதங்களின் எல்லைக்கோடுகளை அறிந்திருக்கவில்லை. கலப்பே அக்கட்டடத்தின் வரலாற்று உண்மை. அநீதிக்குள்ளானோர் என்ற வகையில் தமிழருக்கு இதிலே தனிப் பொறுப்பும் உண்டு. தம்மீது பயன்படுத்தப்பட்ட அதே தருக்கத்தைத் தாமும் கையிலெடுத்தல் நீதியாகாது.

இரண்டாவதாக, கட்டடத்தையும் பாதையையும் ஒரே சட்டகத்தினுள் கொண்டுவருதல் வேண்டும். மன்னர் காலத்து நாலந்தாவும், மகாவலி நீர் வந்த நாலந்தாவும், தொழிலாளர் நடந்த நாலந்தாவும் வெவ்வேறு ஊர்களல்ல. நீர்த்தேக்கத்தாற் பயன்பெற்ற விவசாயியும், அதனால் நிலம் இழந்த சிங்களக் கிராமத்தவரும், மாத்தளைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பொருளாதார வரலாற்றின் பாத்திரங்களே. அவர்களைத் தனித்தனி இன வரலாறுகளாகப் பிரித்துக் காட்டும் படம், அவர்களைப் பிணைத்துள்ள வர்க்க உறவினைக் காணத் தவறுகின்றது.

மூன்றாவதாக, உரையாசிரியரின் குரல் குறைந்து, மக்களின் குரல் மிகுதல் வேண்டும். தோட்டங்களிலே மூதாட்டியர் நினைவில் வைத்திருக்கும் பயணக் கதைகளும் ஒப்பாரிகளும் அவரவர் பேச்சு வழக்கிலேயே பதியப்படவேண்டும். இலக்கணத் தமிழுக்கு மாற்றப்பட்ட சாட்சியம் பாதி மௌனமே. எடுக்கப்பட்ட படம் முதலில் அம்மக்கள் முன்னிலையிற் காட்டப்பட்டு, அவர்களுடைய மறுப்பும் திருத்தமும் படத்தின் பகுதியாதல் வேண்டும்.

நான்காவதாக, பல்கலைக்கழகங்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. வரலாறு, தமிழ், சமூகவியல், நுண்கலைத் துறைகள் ஒன்றிணைந்து, சிங்கள, தமிழ் மாணவரைக் கொண்ட கூட்டுக் குழுக்களாக இத்தகைய பதிவுகளை மேற்கொள்ளலாம். இன்று கையடக்கத் தொலைபேசியே கமராவாகவும் ஒலிப்பதிவுக் கருவியாகவும் பயன்படுகின்றது. கருவியின்மை ஒரு காரணமாக இருந்த காலம் கடந்துவிட்டது. நினைவுடையோரின் வாழ்நாளோ குறுகியது.

கெடிகேயை மீளக் கட்டியோர் ஒரு கல்லும் தவறிவிடலாகாது எனக் கவனங் கொண்டனர். அதே கவனத்தோடு ஒரு குரலும் தவறிவிடலாகாது எனக் கருதி உழைப்பதே மரபுரிமை விவரணப்படத்தின் பணியாகும். அவ்வாறு உருவாகும் படமே விவரணமாகவும் ஆவணமாகவும் ஒருங்கே நிற்கும் தகுதியைப் பெறும்.